விளக்குக்காக வந்த மின்சாரம்

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் 1929-இல் வந்தது. சேதுலட்சுமி பாயி திருவிதாங்கூரை ஆண்ட காலம். நகரத்திலேயே ஓர் அனல் மின்நிலையம் அமைத்து வெளிச்சம் கொடுத்தார்கள். 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையமும் ஓடத் தொடங்கியது. ஆனாலும் டீக்கடை, காபிக்கடைகளில் பாய்லருக்கு அடியிலிருந்த கரி அணையவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துக் கேஸ் வந்துதான் அதை அணைத்தது. கடைக்காரர்கள் பழக்கத்தை விடாதவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம் சுவரில் ஓடிய ஒயரில் இருக்கிறது. இங்கே மின்சாரம் விளக்குக்காக வந்தது. கடைகளின் ஒயரிங்கும் விளக்கை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. விளக்கு லைன் தாங்குவது 5 ஆம்பியர்; 230 வோல்ட்டில் அது 1,150 வாட். பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக அந்த வாட்டுக்கு 40 நிமிடம் ஆகும், வீணாகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காமலேயே. 3 கிலோவாட் ஹீட்டர் என்றால் கால் மணி நேரம். விடிகாலையில் வாசலில் ஆள் நிற்கும் கடைக்கு இந்த இடைவெளி சாதாரணமல்ல.

கரி மலிவு, அதனால்தான் மாறவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மலிவும் ஒரு காரணம்தான். நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த கேரளத்தில் 1983 போன்ற வறட்சி ஆண்டுகளில் வந்த மின்வெட்டும் கடைக்காரரை யோசிக்க வைத்திருக்கும். ஆனால் விலை மட்டுமே காரணமென்றால் கரியை விட்டபோது கடைகள் ஏன் கேஸுக்குப் போயின? சிலிண்டரைக் கொண்டுவந்து வைக்கச் சுவரைக் கொத்த வேண்டியதில்லை. ஹீட்டருக்கோ மீட்டர் பெட்டியிலிருந்தே புது ஒயர் இழுக்க வேண்டும். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் சுருள்வடிவில் கட்டிய இந்தியன் காபி ஹவுஸை நினைத்துப் பார்க்கலாம். செங்கல் இடைவெளிகள் வழியே வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன; பகலில் விளக்கையும் விசிறியையும் ஓரளவு கட்டடமே மிச்சப்படுத்திவிடும். பால் காய்ச்சும் சூட்டை மட்டும் எந்தக் கட்டடக்கலையாலும் கொடுக்க முடியாது.

விளக்குக்கும் சூட்டுக்கும் உள்ள இந்த எல்லையை நம்முடைய பிளக்கே காட்டுகிறது. 1934-இல் பிரிட்டன் வகுத்த உருண்டைப் பின் தரத்தில் சின்ன பிளக் 5 ஆம்பியருக்கு, பெரியது 15 ஆம்பியருக்கு. 1947-இல் பிரிட்டன் சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கியது. நாம் உருண்டையிலேயே நின்றோம், எண் மட்டும் பிறகு 6, 16 என்றானது. சின்னதில் பின்னின் தடிமன் 5.1 மில்லிமீட்டர், பெரியதில் 7.1. பெரிய பிளக் சின்ன துளைக்குள் போகாது. எலக்ட்ரீஷியன்கள் ‘பவர் பிளக்’ என்று சொல்வது இந்தப் பெரிய பிளக்கைத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் கை அளவிலேயே தடுத்து நிறுத்திய அருமையான ஏற்பாடு இது. அந்தத் தடையை நாமே உடைத்தோம். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கன்வெர்ஷன் பிளக் எலக்ட்ரிக்கல் கடைகளில் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் காபி மெஷினின் பின் 4.8 மில்லிமீட்டர். அது நம் 6 ஆம்ப் சாக்கெட்டுகள் பலவற்றில் நுழைந்துவிடும், மெஷினும் ஓடும். ஆனால் அதன் எர்த் தகடு எதையும் தொடாது. தண்ணீரும் நீராவியும் உலோக உடலும் சேர்ந்த ஒரு பொருளில் இதைவிட ஆபத்தான இணைப்பு இல்லை.

எம்சிபி இருக்கிறதே, மீறினால் டிரிப் ஆகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. ஒயரின் தடிமனுக்கு ஏற்ற எம்சிபி என்றால் ஆகும். அடிக்கடி விழுகிறதென்று 10 ஆம்பை எடுத்துவிட்டு 32 ஆம்பைப் போட்டால் முதலில் சூடாவது ஒயர்தான். சாக்கெட்டுக்குள் நடப்பதோ எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. திருவனந்தபுரம் கடற்கரை நகரம்; உப்புக்காற்றில் பித்தளை கறுத்து, தொடுமிடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை சேர்ந்தாலும் 13 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 17 வாட் சூடு பிறக்கும். 4 ஆம்பியருக்கு அதே புள்ளியில் 1.6 வாட்தான். மிக்ஸிக்கு வருஷக்கணக்கில் உழைத்த சாக்கெட் காபி மெஷினுக்குச் சில மாதங்களில் பழுப்பேறி உருகுவது இதனால்தான். ஈரம் ஏறிய ஹீட்டர் காயிலில் கசிவு வந்து, கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழும்போது, அதையே கழற்றி எறிகிற வழக்கமும் இருக்கிறது. விழுவதுதான் அதன் வேலை. மாற்ற வேண்டியது ஹீட்டரை.

ஆக, காபி மெஷின் வாங்கும் கடைக்காரர் பிளக்கைத் தேடுவதற்கு முன்னால் மெஷினின் தகட்டிலுள்ள வாட்டைப் படிக்க வேண்டும். 16 ஆம்ப் சாக்கெட்டின் உச்சம் 3,680 வாட். 3 கிலோவாட்டுக்குள் என்றால் வேறு எதுவும் சேராத தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்ப் எம்சிபி, நல்ல எர்த் போதும். இரண்டு குரூப் (காபி இறங்கும் முனை இரண்டுள்ள) எஸ்பிரெசோ மெஷின்கள் பல 4 கிலோவாட்டைத் தாண்டும்; அவற்றுக்குப் பிளக்கே கூடாது, ஐசொலேட்டர் வழியாக நேரடி இணைப்புதான். ஏசி, ஃபிரிட்ஜ், கிரைண்டரெல்லாம் சேர்ந்து கடையின் மொத்த லோடு 5 கிலோவாட்டை மீறினால் கேரளத்தில் மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை மெஷினுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே மின்வாரியத்தில் கொடுத்துவிடுவது நல்லது.