மூளை செல்லை லேப்டாப்பில் இயக்குவது எப்படி? 'நியூரான்' சாஃப்ட்வேரில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்!

நரம்பு செல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆய்வகமும் நுண்ணோக்கியும் கட்டாயம் வேண்டும் என்பதில்லை. ஒரு சாதாரண லேப்டாப்பே போதும். அதற்காக உலகம் முழுக்க பயன்படுத்தப்படும் இலவச சாஃப்ட்வேர்தான் 'நியூரான்'. ஆனால், இதில் கிராஃப் வந்துவிட்டாலே விடை சரி என்று நினைத்துவிடக் கூடாது. ஏன்?

நியூரான் என்றால் என்ன?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் மூரின் ஆய்வகத்தில் தொடங்கி, மைக்கேல் ஹைன்ஸ், டெட் கார்னிவேல் ஆகியோரால் யேல் பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பட்ட சாஃப்ட்வேர் இது. செல்லை சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடும். பைத்தான் மொழி தெரிந்தால் சீக்கிரம் பழகிவிடலாம்.

இதன் அடிப்படைக் கணக்கு 1952-ல் வந்தது. கணவாய் மீனின் தடித்த நரம்பு இழையை ஆராய்ந்த ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோர் இதற்காக 1963-ல் நோபல் பரிசு பெற்றனர். ஹக்ஸ்லி அன்று கையால் சுழற்றும் கால்குலேட்டரில் நாள்கணக்கில் போட்ட கணக்கை இன்று லேப்டாப் நொடியில் முடித்துவிடுகிறது.

முதல் பயிற்சி என்ன?

20 மைக்ரோமீட்டர் நீளம், 20 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்ட ஒரு செல் உடலை உருவாக்குங்கள். அதில் 'ஹெச்ஹெச்' எனப்படும் சோடியம், பொட்டாசியம் வாயில்களைச் சேருங்கள். 0.1 நானோஆம்பியர் மின்சாரத்தை 5 மில்லிசெகண்ட் கொடுங்கள். மைனஸ் 65 மில்லிவோல்ட்டில் இருந்த கோடு சட்டென மேலே எகிறும். அவ்வளவுதான், செல் துடித்துவிட்டது!

எங்கே சறுக்குகிறார்கள்?

அளவு: நீளம், விட்டத்தைக் குறிப்பிட மறந்தால், சாஃப்ட்வேர் தானாகவே 100, 500 மைக்ரோமீட்டர் என எடுத்துக்கொள்ளும். செல்லின் பரப்பு 125 மடங்காகிவிடும். அதே மின்சாரம் கொடுத்தும் 'ஏன் துடிக்கவே மாட்டேங்குது?' என்று முழிக்க வேண்டியதுதான்.

வெப்பநிலை: தானாக அமைந்திருப்பது 6.3 டிகிரி செல்சியஸ். அது கணவாய் பரிசோதனையின் வெப்பநிலை. மனித உடல்தானே என்று 37 என மாற்றினால், வாயில்கள் திறந்து மூடும் வேகம் சுமார் 29 மடங்கு கூடி, வழக்கமான துடிப்பே காணாமல் போகும். மனித செல்லுக்கு அதற்குரிய வாயில் மாதிரிகளைத்தான் சேர்க்க வேண்டும்.

துண்டுகள்: நீளமான கிளையை ஒரே துண்டாக விட்டால் விடை பிசகும். துண்டுகளின் எண்ணிக்கையை 3 மடங்காக்கிப் பாருங்கள். கிராஃப் மாறினால், முந்தைய விடையை நம்பக் கூடாது.

இந்தத் தவறுகள் எதற்கும் திரையில் எச்சரிக்கை வராது. கணக்கு ஓடும், கிராஃபும் வரும்.

இது ஏன் முக்கியம்?

பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையில், மின்சாரம் எந்த நரம்பு இழைகளைத் தூண்டும் என்பதை ஆராயவும் இத்தகைய மாதிரிகள் பயன்படுகின்றன. அங்கே தவறான எண், தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

அடுத்து என்ன?

ஆய்வாளர்கள் வெளியிட்ட மாதிரிகள் 'மாடல்டிபி' தளத்திலும், நிஜ செல்களின் வடிவங்கள் 'நியூரோமார்ஃபோ' தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதிரியை இறக்கி, ஆய்வுக் கட்டுரையில் உள்ள அதே கிராஃப் உங்களுக்கும் வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். சொந்த மாதிரியை அதற்குப் பிறகு தொடங்கலாம்.