வில்லியனூரும் மேலூரும்: ஊரக இணையத்தின் முதற்பத்தாண்டும் மலிவு என்னும் கருத்தாக்கமும் (1998–2008)

ஆய்வுச்சுருக்கம்

எண்ணிம இடைவெளியைக் குறைப்பதற்குக் கருவியும் இணைப்பும் மலிவாதல் போதுமானது என்னும் கருத்து, கடந்த கால் நூற்றாண்டுக் கொள்கை உருவாக்கத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. 1998 முதல் 2008 வரையிலான காலத்தில் தமிழ் வழங்கும் நிலப்பகுதியில் நிகழ்ந்த இரு முயற்சிகளைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது. ஒன்று, புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்ட தகவல் கிராமத் திட்டம். மற்றொன்று, மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இயங்கிய ஊரக இணைய நிலையங்கள். மலிவு என்பது கருவியின் விலையை மட்டும் சார்ந்ததன்று. அக்கருவியின் வழியாகக் கிடைக்கும் பயனுக்கும் அதைப் பெறச் செலுத்தும் விலைக்கும் உள்ள விகிதமே மலிவு என்பதை இவ்விரு முயற்சிகளின் ஒப்பீடு காட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: எண்ணிம இடைவெளி, ஊரக இணையம், வில்லியனூர், மேலூர், கார்டெக்ட், மின்னாளுகை, தகவல் மையம்.

முன்னுரை

அமெரிக்க வணிகத்துறையைச் சேர்ந்த தேசியத் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாக அமைப்பு 1995ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட அறிக்கைகள், தகவல் தொழில்நுட்பத்தைப் பெற்றோர், பெறாதோர் என்னும் பாகுபாட்டைப் பொதுவிவாதத்திற்குக் கொண்டுவந்தன. அப்பாகுபாட்டைக் குறிக்கும் எண்ணிம இடைவெளி என்னும் சொல்லாட்சி 1990களின் இறுதியில் உலகெங்கும் பரவியது. அன்றைய இந்தியாவில் கணினியைப் பற்றிப் பேசுமுன் தொலைபேசியைப் பற்றிப் பேசவேண்டிய நிலை இருந்தது. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, ஊரகத் தொலைபேசி அடர்த்தியை 0.4 விழுக்காட்டிலிருந்து 2010ஆம் ஆண்டிற்குள் 4 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. அதாவது, ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் ஒன்றிற்கு நான்கு இணைப்புகள் என்பதே அன்றைய சராசரி நிலை.

இத்தகைய பின்புலத்தில்தான் வில்லியனூரிலும் மேலூரிலும் இணையம் ஊர்களுக்குள் நுழைந்தது. இவை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒவ்வொரு திட்டத்தின் வெற்றி தோல்வியைத் தனித்தனியே மதிப்பிடுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, எது எதனால் நிலைத்தது, எது எதனால் நின்றது என்று நோக்கும்போது, மலிவு என்னும் கருத்தாக்கமே மறுபரிசீலனைக்கு உரியதாகின்றது.

பொதுப்பயன்பாடு என்னும் மரபு

தனியுடைமையாக அன்றிப் பொதுப்பயன்பாட்டின் வழியாகத் தொழில்நுட்பத்தை மக்களிடம் சேர்க்கும் முறை இணையத்திற்கு முற்பட்டது. 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தொலைத்தொடர்பியல் மேம்பாட்டு மையமான சி-டாட், இந்தியத் தட்பவெப்பத்திற்கும் மின்தடைக்கும் ஈடுகொடுக்கும் சிறிய ஊரக இணைப்பகங்களை வடிவமைத்தது. அதனைத் தொடர்ந்து ஆள் அமர்ந்து நடத்தும் எஸ்.டி.டி. பூத்துகள் நாடெங்கும் பெருகின. தொலைபேசி வாங்க இயலாதவரும் தொலைபேசியைப் பயன்படுத்த இயலும் என்பதை அவை நிறுவின. அவற்றை நடத்தியவர் எண்ணைச் சுழற்றித் தருபவராகவும், எழுத்தறியாதவர்க்கு உதவுபவராகவும், சில வேளைகளில் செய்தியைக் கொண்டுசேர்ப்பவராகவும் விளங்கினார். கருவிக்கும் மக்களுக்கும் இடையே நிற்கும் இம்மனிதரின் பங்கு, பின்வந்த இரு திட்டங்களின் வரலாற்றிலும் முதன்மையானது.

வில்லியனூர்: ஊரின் தேவையிலிருந்து தொடங்குதல்

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நல்கையுடன் 1998ஆம் ஆண்டு புதுச்சேரியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவமாகவும், எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்கள் கிளைகளாகவும் அமைந்தன. நடுவத்திற்கும் கிளைகளுக்கும் இடையே தொலைபேசிக் கம்பிகளோடு வானொலி அலைகளின் வழியாகவும் தகவல் அனுப்பப்பட்டது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய ஆற்றல் பயன்படுத்தப்பட்டது.

இத்திட்டத்தின் தனித்தன்மை அதன் கருவிகளில் இல்லை. மையம் வேண்டும் ஊர் அதற்கான இடத்தைத் தானே வழங்க வேண்டும். தன்னார்வலர்களை ஊரே தேர்ந்து தரவேண்டும். சாதி, பால் வேறுபாடின்றி அனைவரும் உள்ளே வர உரிமை இருக்க வேண்டும் என்பன முன்நிபந்தனைகளாக வைக்கப்பட்டன. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் அமைந்தது. அதனைப் பெண் தன்னார்வலர்கள் நடத்தினர். பொது இடம் எதுவும் அனைவர்க்கும் பொதுவாக இருந்ததில்லை என்னும் ஊரக வரலாற்றின் பின்னணியில், மூன்றாம் நிபந்தனை தொழில்நுட்ப நிபந்தனையினும் கடினமானதாகும்.

மையங்கள் வழங்கிய தகவலின் இயல்பும் கருதத்தக்கது. மருத்துவமனை, பேருந்து, விளைபொருள் விலை, அரசு நலத்திட்டங்கள், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களின் விவரங்கள் எனப் பல தரவுத்தொகுப்புகள் தமிழில் உருவாக்கப்பட்டன. உலக இணையத்தில் இவற்றுள் பெரும்பாலானவை அன்று இல்லை. ஆகவே, தன்னார்வலர் இணையத்திலிருந்து தகவலை இறக்கியதைவிட, ஊரிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் தகவலைத் திரட்டி உள்ளிட்டதே மிகுதி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாக அதே ஆண்டில் தமிழக அரசு தமிழ் 99 விசைப்பலகையையும் குறியேற்றங்களையும் தரப்படுத்தியதை இங்கு நினைவுகூரலாம். அதுவரை ஒரு கணினியில் உள்ளிட்ட தமிழை மற்றொரு கணினியில் படிப்பதே உறுதியற்றதாக இருந்தது. மொழித்தடை என்பது பயனாளியின் கல்விக்குறைவு அன்று. கருவியின் குறைவு என்பதை இக்காலகட்டம் தெளிவாகக் காட்டுகின்றது.

வீராம்பட்டினம் மீனவ ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூர் நடுவம் பெற்றுத் தமிழில் அனுப்ப, அது ஊரில் ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. கணினித் திரையை ஒருமுறையும் பார்த்திராத மீனவரும் இதனால் இணையத்தின் பயனாளியானார். 2004 திசம்பர் 26 அன்று நல்லவாட்டில் நிகழ்ந்தது இதன் நீட்சியே. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அறிவிப்புச் செய்யப்பட, ஏறத்தாழ 3,600 பேர் உயிர்தப்பினர். எச்சரிக்கை வந்தது இணையத்தின் வழியாக அன்று. ஒரு தொலைபேசி அழைப்பின் வழியாக. ஆயினும், அந்த ஒலிபெருக்கியிலிருந்து வரும் சொல்லை நம்பி உடனே எழுந்து ஓடலாம் என்னும் பழக்கத்தை அம்மையமே ஊரில் உருவாக்கியிருந்தது.

இத்திட்டத்தின் வரம்பும் வெளிப்படையானது. மக்கள் கட்டணம் செலுத்தவில்லை. அதனால் நல்கையும் தன்னார்வலர் உழைப்பும் உள்ளவரை மட்டுமே இது நிலைக்கும். பத்து ஊர்களுக்கு இயன்றது பத்தாயிரம் ஊர்களுக்கு இயலுமா என்னும் வினாவிற்கு வில்லியனூரிடம் விடையில்லை. அவ்வினாவையே தன் தொடக்கமாகக் கொண்டது மேலூர்.

மேலூர்: விலையிலிருந்து தொடங்குதல்

சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் இயங்கிய டெனெட் குழுவின் வாதம் எளிய கணக்கொன்றில் அமைந்தது. 1990களில் ஒரு தொலைபேசி இணைப்பை அமைக்க ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவாயிற்று. வட்டி, தேய்மானம், பராமரிப்பு ஆகியவற்றிற்காக ஆண்டுதோறும் அதில் 35 முதல் 40 விழுக்காடு திரும்பக் கிடைக்க வேண்டுமெனில், மாதக் கட்டணம் ஏறத்தாழ 1,000 ரூபாயாதல் வேண்டும். அதனைச் செலுத்த வல்ல குடும்பங்கள் மிகச் சிலவே. ஆகவே முதலில் குறைய வேண்டியது இணைப்பின் அடக்கவிலை என்பது அக்குழுவின் முடிவு.

இதன் விளைவே மைடாஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம். குளிரூட்டப்பட்ட அறை வேண்டாத அலைக்கோபுர நிலையம் 10 கிலோமீட்டர் சுற்றளவிலும், இடைநிலையத்தின் துணையுடன் 25 கிலோமீட்டர் வரையிலும் பேச்சையும் இணையத்தையும் ஒருங்கே கொண்டுசென்றது. வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இத்தொழில்நுட்பத்தை ஊர்களுக்குக் கொண்டுசெல்ல என்-லாக் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. கணினி, அச்சுப்பொறி, வலைப்படக்கருவி, மின்கலம், இந்திய மொழி மென்பொருள் அனைத்தும் அடங்கிய நிலையத்தை ஏறத்தாழ 50,000 ரூபாயில் அமைக்க இயன்றது. மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய் வருவாய் வந்தால் நிலையம் தன்னைத்தானே தாங்கும் என மதிப்பிடப்பட்டது.

இம்மாதிரியைச் சோதித்த களங்களுள் முதன்மையானது மேலூர் வட்டம். சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் முதலியவற்றின் கூட்டு முயற்சியாகச் சாரி என்னும் திட்டத்தின்கீழ் 2001ஆம் ஆண்டின் இறுதி முதல் நிலையங்கள் திறக்கப்பட்டன. 80க்கும் மேற்பட்டவை இயங்கின. சிலவற்றைத் தனிநபர் தொழில்முனைவோரும், சிலவற்றைத் தானம் அறக்கட்டளையும் நடத்தினர். கணினிப் பயிற்சி, மின்னஞ்சல், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையுடன் இணைந்த கண்நோய் ஆலோசனை, வேளாண் ஆலோசனை ஆகியவற்றோடு, சான்றிதழ் விண்ணப்பங்களை வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அனுப்பும் பணியும் வழங்கப்பட்டது.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட பணியே ஊர்மக்களுக்கு மிகவும் பயன்பட்டது. பிறப்பு, இறப்பு, வருமானம், சாதி ஆகியவற்றிற்கான சான்றும் முதியோர் உதவித்தொகை விண்ணப்பமும் ஏழைக் குடும்பத்தைப் பொறுத்தவரை வெறும் தாள்கள் அல்ல. பள்ளிச் சேர்க்கைக்கும், கல்வி உதவிக்கும், முதுமைக்காலத்துச் சோற்றுக்கும் அவையே வாயில்கள். அவற்றைப் பெற வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நடப்பதன் செலவில் பேருந்துக் கட்டணம் மட்டுமன்று, இழந்த நாட்கூலியும் இடைத்தரகர்க்குத் தரும் தொகையும் அடங்கும். நிலையத்தின் கட்டணத்தை இச்செலவோடு ஒப்பிட்டே மக்கள் மலிவெனக் கருதினர்.

ஆயின், இப்பணி நீடிக்கவில்லை. தொடக்கத்தில் ஆர்வம் காட்டிய அலுவலர்கள் மாற்றலாகிச் சென்றபின், மின்னஞ்சல் விண்ணப்பங்களுக்கு உரிய மறுமொழி குன்றியது. விண்ணப்பத்தை ஏற்றாக வேண்டும் என்னும் சட்டக் கட்டாயமோ நிலையான அரசாணை வழிப்பட்ட நடைமுறையோ இல்லாத நிலையில், ஏற்பாடு முழுவதும் தனி அலுவலரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்தது. பயன் குறையவே வருவாயும் குறைந்தது. பழுதுநீக்கத்திற்குரிய தொடர் உதவியும் தளர்ந்தது. தனிநபர் நடத்திய நிலையங்களுள் பெரும்பாலானவை 2005ஆம் ஆண்டளவில் மூடப்பட்டன. பயிற்சி பெற்ற தனி இயக்குநரைக் கொண்ட நிலையங்கள் ஒப்பீட்டளவில் நீண்டகாலம் நிலைத்தன என்பது இத்திட்டம் குறித்த ஆய்வுகளின் முடிவு. கடன்பெற்று நிலையம் தொடங்கிய ஊரக இளைஞர்க்கு, இந்நிறுத்தத்தின் இழப்பு ஆய்வறிக்கையில் வரும் ஒரு விழுக்காட்டு எண்ணாக மட்டும் முடிந்திருக்க இயலாது.

ஒப்பீடு: மலிவின் மூன்று கூறுகள்

இரு திட்டங்களையும் ஒப்பிடும்போது மலிவு மூன்று கூறுகளாகப் பிரிகின்றது.

முதலாவது, இணைப்பின் விலை. மேலூர் இதனை வென்றது. வில்லியனூர் இதனைப் புரவலரிடம் ஒப்படைத்தது.

இரண்டாவது, உள்ளடக்கத்தின் விலை. பயனுள்ள தகவலைத் தமிழில் திரட்டி, சரிபார்த்து, நாள்தோறும் புதுப்பிக்கும் உழைப்பு இதில் அடங்கும். வில்லியனூர் இதனைத் தன்னார்வலர் உழைப்பால் ஈடுசெய்தது. மேலூரின் வணிகக் கணக்கில் இதற்குப் போதிய இடம் இல்லை.

மூன்றாவது, மறுமொழியின் விலை. குடிமகன் அனுப்பும் விண்ணப்பத்திற்கு அரசு விடையளிக்கும் கடப்பாடு இது. இதனை இரு திட்டங்களாலும் தம் ஆற்றலால் மட்டும் உருவாக்க இயலவில்லை. ஏனெனில் இது அரசு மட்டுமே செலுத்தக்கூடிய விலை. 2006ஆம் ஆண்டு தேசிய மின்னாளுகைத் திட்டத்தின் பகுதியாக நாடெங்கும் ஒரு இலட்சம் பொதுச்சேவை மையங்கள் திட்டமிடப்பட்டதும், பின்னாளில் தமிழகத்தில் இ-சேவை மையங்கள் வழியாகச் சான்றிதழ்கள் முறைப்படி வழங்கப்பட்டதும், மேலூரில் விடுபட்ட இக்கூறை அரசு தாமதமாகவேனும் ஏற்றதன் அடையாளங்கள் எனலாம்.

பிற்காலப் போக்குகளும் இப்பகுப்பை வலியுறுத்துகின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தது. 2016க்குப் பின் கைப்பேசி இணையக் கட்டணம் பெரிதும் சரிந்தது. எனினும், 2017–18இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, இந்திய ஊரகக் குடும்பங்களுள் கணினி உள்ளவை 4.4 விழுக்காடும் இணைய வசதி உள்ளவை 14.9 விழுக்காடும் மட்டுமே எனப் பதிவு செய்தது. நகர்ப்புறத்தில் இவை முறையே 23.4, 42.0 விழுக்காடு. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வெண்களின் பொருள் வீடுதோறும் உணரப்பட்டது. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும் குடும்பத்தில், கட்டணம் எவ்வளவு குறைந்தாலும் பிள்ளையின் வகுப்பு நடைபெறாது.

முடிவுரை

ஊரக இணையத்தின் முதற்பத்தாண்டைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதினால், கார்டெக்டும் வானொலி இணைப்பும் கைப்பேசிக்கு வழிவிட்டு மறைந்த இடைக்கால முயற்சிகளாகவே தோன்றும். பயனின் வரலாறாக எழுதும்போது, அவை எழுப்பிய வினாக்கள் இன்றும் விடைபெறாதவை என்பது புலனாகின்றது. வில்லியனூர், தகவலை ஊரின் மொழியிலும் ஊரின் நம்பிக்கையிலும் நிலைநிறுத்த முடியும் எனக் காட்டியது. அதற்கான நிலையான பொருள்வளத்தைக் காட்டவில்லை. மேலூர், இணைப்பை மலிவாக்க முடியும் எனக் காட்டியது. மறுமுனையில் விடையளிக்க ஒருவர் இல்லையெனில் மலிவான இணைப்பும் வீண்செலவே என்பதையும் காட்டியது.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழை வடத்தால் இணைக்கும் பணிக்கு இவ்வரலாறு நேரடியாகப் பொருந்தும். வடம் ஊராட்சி அலுவலகத்தைச் சென்றடைவது முதற்கூறு மட்டுமே. அங்கு அமர்ந்து உதவுபவர்க்கு ஊதியம், தமிழில் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் தகவல், அலுவலர் மாறினாலும் மாறாத மறுமொழிக் கடப்பாடு ஆகியவற்றிற்கான செலவும் திட்ட மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். அவை விடுபடுமாயின், அச்செலவை மேலூரில் போலவே ஊர்மக்களே நாட்கூலியாகச் செலுத்த நேரிடும்.