முதலமைச்சர் பொது ஊழியரான கதை

கோட்டைப்பட்டினத்தில் கடலை நம்பிப் பிழைக்கிறவருக்கு அரசாங்கத்தின் தயவு தேவைப்படாத மாதமே கிடையாது. விசைப்படகுக்குப் பதிவு, மானிய டீசல், தடைக்கால நிவாரணம், மனைப் பட்டா, வாரிசுச் சான்று என்று ஏதாவது ஒரு காகிதத்துக்காக ஏதாவது ஒரு மேஜையின் முன் நின்றாக வேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவர் கை நீட்டினால் என்ன செய்வது என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரியும். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் கொடுத்தால், பினாப்தலின் தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். தூள் கண்ணுக்குத் தெரியாது. பணம் கைமாறியதும் போலீஸார் உள்ளே வந்து, வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அதைப் பாட்டிலில் ஊற்றி, முத்திரை வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் இப்படிச் சிக்குவதற்குக் காரணம், சட்டம் அவரைப் ‘பொது ஊழியர்’ என்று சொல்வதுதான். முதலமைச்சரையும் அந்தப் பெயரில் கூண்டில் ஏற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்ன பதில் 1979இல்தான் வந்தது. பதிலை வரவழைத்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. முன்னாள் அரசைக் கணக்குக் கேட்பது என்று இந்தியாவில் நாம் இன்று பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது.

கதை 1972 அக்டோபரில் தொடங்குகிறது. கட்சிக் கணக்கைக் கேட்டதற்காக எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த மாதமே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். கல்யாணசுந்தரமும் அவரும் முதலமைச்சர் மு. கருணாநிதி மீதும் அமைச்சர்கள் மீதும் ஊழல் புகார்ப் பட்டியலைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரியிடம் கொடுத்தார்கள். தி.மு.க. அரசு இதை வெறும் மறுப்பறிக்கையோடு விட்டுவிடவில்லை. பொது வாழ்வில் இருப்போரின் குற்ற நடத்தையை விசாரிக்கத் தனிச் சட்டம் ஒன்றை 1973இல் நிறைவேற்றியது. முதலமைச்சர், அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் அதற்குள் வந்தார்கள். புகாருக்கு ஆளான ஓர் அரசு தன்னையும் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தானே கொண்டுவந்தது. அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும். குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1974இல் அது நடைமுறைக்கும் வந்தது.

1976 ஜனவரி 31 அன்று அரசு கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலம் அது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தி.மு.க.வினர் மிசா சட்டத்தின் கீழ் சிறையில். அதற்கடுத்த சில நாட்களிலேயே, பதவியில் இருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ரஞ்சித் சிங் சர்க்காரியா தலைமையில் விசாரணைக் கமிஷன் போடப்பட்டது. நாட்டின் நிறுவனங்களையெல்லாம் முடக்கி வைத்திருந்த ஒரு மத்திய அரசு, ஒரு மாநில அரசின் ஊழலைப் பற்றி நீதி கேட்டது. புகார்களில் உண்மை எவ்வளவு இருந்திருந்தாலும், கேட்டவர்களின் கை சுத்தமாக இல்லை. அன்று ஒட்டிக்கொண்ட ‘பழிவாங்கல்’ என்ற சொல், அதற்குப் பின் தமிழ்நாட்டில் நடந்த எல்லா ஊழல் விசாரணைகள் மேலும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

சர்க்காரியா விசாரித்தவற்றில் விமானத்திலிருந்து பயிருக்குப் பூச்சிமருந்து தெளித்த விவகாரம் ஒன்று. ஜனங்கள் மறக்காதது வீராணம். சென்னையின் தாகம் தீர்க்க வார்த்த ராட்சதக் குழாய்கள், திட்டம் நின்றுபோனதால் சாலையோரத்தில் வருஷக்கணக்கில் கிடந்தன. வீடற்றவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். கமிஷன் அறிக்கையை யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் குழாயைப் பார்த்தார்கள். ஆனால் விசாரணைக் கமிஷனின் முடிவு தீர்ப்பாகாது. அரசுக்கு அது ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். வழக்குப் போடுவதும் சாட்சி நிறுத்துவதும் அரசின் விருப்பம்.

நம் கதைக்கு வேண்டியது வீராணம் வழக்கு அல்ல, கோதுமை வழக்கு. பஞ்சாபிலிருந்து கோதுமை வாங்கியதில் சாதகமான உத்தரவு போட்டு 4 முதல் 5 லட்சம் ரூபாய் வரை ஆதாயம் அடைந்தார் என்பது கருணாநிதி மீதான குற்றச்சாட்டு. 1976 ஜூனில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, ஆளுநர் அனுமதி கொடுத்தார். சிறப்பு நீதிபதியிடமும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் விடுவிப்பு கேட்டுக் கிடைக்காமல் கருணாநிதி உச்ச நீதிமன்றம் போனார்.

அங்கே வைக்கப்பட்ட வாதங்கள் இரண்டு. 1973ஆம் வருஷத்து மாநிலச் சட்டம் வந்ததுமே மத்தியச் சட்டம் இங்கே செல்லாமல் போய்விட்டது, மாநிலச் சட்டமும் 1977இல் ரத்தானதால் வழக்குக்கு அடிப்படையே இல்லை என்பது முதலாவது. இரண்டும் அருகருகே இயங்கக்கூடிய சட்டங்கள்தான், ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இரண்டாவது வாதத்தில்தான் உயிர் இருந்தது. முதலமைச்சர் யாருக்கு ஊழியர்? அவருக்கு எஜமான் கிடையாது. அரசாங்கமே அவர் தலைமையில் நடக்கிறது. ஊழியர் என்றால் வேலை ஏவ ஒருவர், வேலையை விட்டு நீக்க ஒருவர் இருக்க வேண்டுமே! மக்கள் தேர்ந்தெடுத்தவரைக் குமாஸ்தாவின் வரிசையில் எப்படி நிறுத்துவது? 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 21ஆம் பிரிவைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. அது எழுதப்பட்டபோது முதலமைச்சர் என்ற பதவியே நாட்டில் இல்லை.

ஐந்து நீதிபதிகள் அமர்வுக்காகத் தீர்ப்பு எழுதியவர் முர்தஸா ஃபஸல் அலி. அரசாங்கத்தின் சேவையில் இருப்பவரோ அரசாங்கத்தின் சம்பளம் பெறுபவரோ, எவரானாலும் பொது ஊழியர் என்றது அந்தப் பிரிவு. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஜமான்–வேலையாள் உறவு முதல் வகைக்குத் தேவைப்படலாம், இரண்டாவது வகைக்குத் தேவையில்லை. முதலமைச்சரை நியமிப்பவர் ஆளுநர். முதலமைச்சர் செய்வது பொதுக் கடமை. அதற்கான சம்பளம் பொதுக் கஜானாவிலிருந்து வருகிறது. ஆகவே அவர் பொது ஊழியர். 1979 பிப்ரவரி 20 அன்று இது நாட்டின் சட்டமானது.

கோதுமை வழக்கு? யாருக்கும் தண்டனை இல்லை. 1980 தேர்தலில் இந்திராவும் கருணாநிதியும் ஒரே மேடை ஏறினார்கள். சர்க்காரியாவின் பேரில் கிளம்பிய வழக்குகள் கைவிடப்பட்டன. நெருக்கடி நிலையை விசாரித்த ஷா கமிஷனுக்கும் அதே கதிதான். இந்திரா திரும்பி வந்ததும் அந்த அறிக்கை கிடைப்பதே அரிதாகிவிட, அதைத் தேடி எடுத்து 2010இல் மறுபடி அச்சில் கொண்டுவந்தவர் நம் இரா. செழியன். அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலையை முதுமையில் ஒரு தனி மனிதர் செய்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மீது மரியாதை கூடுகிறது.

வழக்கு போனாலும் விதி நின்றது. 1984இல் மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த அந்துலேயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி ஏறியது: பதவியை விட்டு இறங்கியவர் மீது வழக்கு நடத்த முன் அனுமதி தேவையில்லை. முன்னாள் அரசுகளின் மீது கைவைக்கும் வழி அப்போது இன்னும் தெளிவானது. பின்னாளில் லாலு பிரசாத், ஓம் பிரகாஷ் சௌதாலா, மது கோடா ஆகியோர் தண்டனை பெற்றார்கள். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார்.

அந்த வழக்கு ஏன் பெங்களூருக்குப் போனது என்பதில்தான் என் கவலையெல்லாம். 1996இல் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த புகாரில் தொடங்கி, தி.மு.க. ஆட்சியில் லஞ்ச ஒழிப்புத் துறை விசாரித்து, சென்னைத் தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வழக்கு அது. 2001இல் ஆட்சி மாறியது. ஏற்கெனவே சாட்சியம் சொன்ன 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கக்கூட முயலவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் மனுவின் பேரில் 2003 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை உறுதிசெய்தபோது ஜெயலலிதா உயிரோடு இல்லை. புகாருக்கும் முடிவுக்கும் நடுவே 20 வருஷங்கள் ஓடியிருந்தன.

எம்.ஜி.ஆர்., சுவாமி, அன்பழகன் என்று கணக்குக் கேட்டவர்கள் எல்லோரும் எதிராளிகள். எதிராளி கேட்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டிராவிட்டால் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எதிராளி நாற்காலிக்கு வந்துவிட்டால் அல்லது கூட்டணிக்கு வந்துவிட்டால் கேள்வியும் அதோடு நின்றுவிடுகிறது.

கோட்டைப்பட்டினத்துப் படகுகள் எந்தக் கடற்படைக்குப் பயந்து போகின்றனவோ, அந்த நாட்டில் 2023 நவம்பர் 14 அன்று வேறு மாதிரி ஒன்று நடந்தது. கோத்தபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொது நம்பிக்கையை மீறி நாட்டைப் பொருளாதார நெருக்கடியில் தள்ளினார்கள் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மனு போட்டவர்களில் ஒருவர் முன்னாள் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங். அவரோடு சேர்ந்து மனு போட்டது டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் இலங்கை அமைப்பு. சிறை இல்லை, வழக்குச் செலவு மட்டும்தான் கொடுக்கச் சொன்னார்கள். ஆனாலும் வரி குறைப்பிலிருந்து ரூபாய் மதிப்பு வரை ஒவ்வொரு முடிவையும் யார் எடுத்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதி வைத்தது நீதிமன்றம். கேட்டவர்கள் நாற்காலிக்கு ஆசைப்படாத குடிமக்கள் என்பதால், எந்தக் கூட்டணியும் அந்த மனுவை விலைக்கு வாங்க முடியவில்லை.

இங்கே நாம் எதிர்த் திசையில் போயிருக்கிறோம். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பதவியை விட்டு இறங்கியவர் மீது வழக்கு நடத்தவும் முன் அனுமதி வேண்டும் என்று சேர்த்தார்கள். பதவியிலிருந்து எடுத்த முடிவுகளைப் பற்றி விசாரணை தொடங்கவே 17ஏ பிரிவின்படி ஒப்புதல் வாங்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிபடுகிறவருக்கு மட்டும் அது பொருந்தாது. நோட்டை நேரில் வாங்கும் கிராம அலுவலருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கோப்பில் கையெழுத்துப் போட்டு முடிவெடுப்பவர்களுக்கு உண்டு.