மூன்று மாதத் தவணை: சிபெருத் தீவின் காட்டூர்களும் திருச்சபையும்

மிஷன் வரலாறு கற்பிக்கும் நாம், இந்தோனேசியாவை நோமன்சனில் தொடங்கி நோமன்சனிலேயே முடித்துவிடும் வழக்கமுடையோம். சுமத்ராவின் பத்தாக் மக்களிடையே அவர் 1918இல் மறையும்வரை ஆற்றிய தொண்டு பெரிது, அதில் ஐயமில்லை. எனினும், அவரை அனுப்பிய அதே ரைன் மிஷன் சங்கம் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பாலும் ஆள் அனுப்பியது. பாடாங் துறைமுகத்திலிருந்து கடலில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால் மெந்தாவாய்த் தீவுக்கூட்டம் வரும். சிபெருத், சிப்போரா, வட பாகாய், தென் பாகாய் என்பன அதன் பெரிய தீவுகள். அங்குத் திருச்சபை பெருகிய விதம் நம் பாடங்களில் இடம்பெறுவதில்லை. சொல்வதற்கு இனிமையான வரலாறு அன்று என்பதால் போலும்.

நான்கினுள் பெரியது சிபெருத். பரப்பு சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். மிக நெடுங்காலமாகச் சுமத்ராவிலிருந்து பிரிந்து கிடப்பதால், உலகில் வேறெங்கும் காணப்படாத குரங்கினங்கள் இத்தீவுகளில் வாழ்கின்றன. மழை பெய்யாத மாதம் என ஒன்றில்லை. ஆண்டு மழையளவு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். தென்கிழக்குக் கரையிலுள்ள முவாரா சிபெருத் என்னும் துறையூரிலிருந்து ரெரெய்கெத் ஆற்றின் வழியே ஓடத்தில் மேலேறினால் மாடோபாக், உகாய் முதலிய உள்நாட்டூர்களை அடையலாம். அங்கு ஆறுதான் சாலை. நீர் குறைந்தால் இறங்கி ஓடத்தைத் தள்ள வேண்டும். பெருகினால் கரையில் காத்திருக்க வேண்டும். மருத்துவனுக்குக் கொண்டுபோகப்படும் நோயாளிக்கும் இதே விதிதான்.

அவ்வூர்களின் உயிர்நிலை 'உமா'. நம் செவிக்குப் பெண்பெயராய் ஒலிக்கும் இச்சொல் அவர்கள் மொழியில் பெருவீட்டையும், அவ்வீட்டிற்குரிய குலத்தையும் ஒருங்கே குறிக்கும். கால்கள் நட்டு உயர்த்தி, சாகு ஓலை வேய்ந்த நீண்ட மனை அது. ஒரே தந்தைவழியில் வந்த பல குடும்பங்கள் அதற்கு உரியவை. வேட்டையில் வீழ்ந்த குரங்குகள், மான்கள் ஆகியவற்றின் மண்டையோடுகள் உத்தரங்களில் வரிசையாகத் தொங்கும். தலைவன் என ஆணையிடுபவன் இல்லை. சடங்குகளை முன்னின்று நடத்த 'ரிமாத்தா' உண்டு. நோய் தீர்க்கவும் ஆவிகளோடு பேசவும் 'சிக்கெரை' உண்டு. எனினும் இவ்விருவரும் பிறரைப் போலவே காட்டிற்குச் சென்று உழைத்து உண்பவர்களே. முடிவுகள் பேசிப் பேசியே எட்டப்படும். பன்றி அறுத்தால் இறைச்சி குடும்பத்துக்குக் குடும்பம் சமமாகப் பங்கிடப்படும். எருசலேமின் ஆதித் திருச்சபையின் பொது வாழ்வைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், அப்பங்கீட்டை எளிதில் தாண்டிப் போக முடியாது.

இம்மக்களைக் குறித்து 1792இல் பாகாய்த் தீவுகளுக்குச் சென்ற ஜான் கிறிஸ்ப் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கட்டுரை, 1799இல் கல்கத்தாவின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதியில் அச்சேறியது. அவருக்குப் பின் வந்தோர் பலர், இம்மக்களிடம் இல்லாதவற்றையே பட்டியலிட்டனர்: நெசவு இல்லை, மட்கலம் இல்லை, நெல் இல்லை, இரும்பு உருக்கத் தெரியாது. இருந்தவற்றைப் பார்க்கப் பொறுமை வேண்டியிருந்தது. 1967 முதல் 1969 வரை மேற்குச் சிபெருத்தின் சக்குத்தெய் குலத்தாரோடு தங்கி ஆய்ந்த ரைமார் ஷெஃபோல்டு என்னும் மானிடவியலாருக்கு அப்பொறுமை இருந்தது.

இருந்தவற்றுள் முதன்மையானது சாகு மரம். சதுப்பில் தானே வளரும் இப்பனையினத்தை வெட்டி, தண்டின் உள்ளீட்டை ஆடவர் துருவுவர். துருவலை ஓடைக்கரையில் அமைத்த மேடையில் கொட்டி, நீர் வார்த்துக் காலால் மிதிப்பர். கரைந்து வடியும் மாவு கீழேயுள்ள தொட்டியில் படியும். பழைய ஓடமொன்றே பெரும்பாலும் தொட்டியாகும். அம்மாவை ஓலைக்கூடைகளில் அடைத்து நீரில் அமிழ்த்தி வைத்தால் பல நாள் கெடாது. ஓலையில் சுருட்டித் தீயில் வாட்டினால் அதுவே அன்றாட உணவு. ஒரு மரம் ஒரு குடும்பத்திற்குப் பல வாரங்கள் போதும். தண்டின் துண்டுகள் பன்றிக்கும் கோழிக்கும் தீனி, ஓலை கூரைக்கு, மட்கும் தண்டில் புழுக்கள் உண்டாகும், அவையும் விருந்து. பெண்டிர் சேம்பு பயிரிடுவர்; சிற்றோடைகளில் கைவலை வீசி மீனும் இறாலும் பிடிப்பர். தோட்டமிடும் முறையும் கருதத்தக்கது. காட்டை எரிப்பதில்லை, ஈரம் அதற்கு விடாது. வாழையும் கிழங்கும் முதலில் ஊன்றி, பின்னர் மேலுள்ள மரங்களை வெட்டி, அவற்றை அங்கேயே மட்க விடுவர். காலப்போக்கில் அவ்விடம் டுரியான் முதலிய கனிமரங்கள் நிறைந்த சோலையாகி, மீண்டும் காடாகும்.

மரத்தை வெட்டுமுன் அதன் ஆன்மாவிடம் பொறுத்தருளக் கேட்பர். மனிதன், விலங்கு, மரம், ஓடம், வீடு ஆகிய யாவற்றிற்கும் ஆன்மா உண்டென்பதும், அவற்றினிடையே இணக்கம் கெட்டால் நோய் வரும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. இலைகளைக் கொண்டே சடங்குகள் நடைபெறும். 'அராத் சபுலுங்கான்' என்னும் அச்சமயத்தின் பெயரிலேயே இலை என்னும் சொல் அடங்கியுள்ளது. இதனை நாம் அழகுபடுத்தவும் வேண்டா. அச்சமயத்தில் அச்சமும் மிகுதி. விலக்கை மீறினோம் என்னும் நடுக்கம் ஒரு குலத்தையே நாட்கணக்கில் முடக்கக்கூடும். குலங்களுக்கிடையே பழிவாங்குதலும், சிபெருத்தில் தலைகொய்தலும் முற்காலத்தில் இருந்தன. மலேரியா தாக்கிய குழந்தைக்கு இலை போதாது.

இத்தகைய மக்களிடம் 1901இல் ரைன் மிஷனைச் சேர்ந்த ஆகுஸ்ட் லெட் வந்து, வட பாகாயில் பணியைத் தொடங்கினார். எட்டாண்டுகள் அங்கு இருந்தார். அவர் கண்ணெதிரே ஒருவரும் திருமுழுக்குப் பெறவில்லை. 1909இல் டச்சு ஆட்சியாளருக்கும் ஊராருக்கும் மூண்ட பிணக்கில் நடுவராகப் போன இடத்தில் கொல்லப்பட்டார். அவர் இறந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே முதற்கனிகள் திருமுழுக்குப் பெற்றனர். பின்னர் பத்தாக் சபையைச் சேர்ந்த ஆசிரியரும் துணைநின்றனர். பாகாய்களில் சபை மெல்ல வேரூன்றியது. சிபெருத்தின் உட்பகுதியோ பெரும்பாலும் பழைய நெறியிலேயே இருந்தது.

அடுத்த நிகழ்ச்சிக்கு வருவோம். இந்தோனேசியா விடுதலை பெற்றபின், ஒரே கடவுள் நம்பிக்கை அரசின் ஐந்து கோட்பாடுகளுள் முதலாவதாயிற்று. 1954இல் மெந்தாவாயில் 'மூன்று சமயக் கூட்டம்' ஒன்று கூட்டப்பட்டது. இஸ்லாம், புரொட்டஸ்டாண்டு, சபுலுங்கான் என்பன அம்மூன்று. பழஞ்சமயம் ஒழிக்கப்பட வேண்டும், மக்கள் மூன்று மாதங்களுக்குள் கிறித்தவத்தையோ இஸ்லாத்தையோ தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முடிவு. தவறுவோரின் சடங்குப் பொருள்களைக் காவலர் துணையோடு எரிக்கவும் இடமளிக்கப்பட்டது. சிக்கெரைகளின் அணிகலன்களும் வழிபாட்டுப் பொருள்களும் தீக்கிரையாயின. பச்சை குத்துதல், நீண்ட முடி, மரப்பட்டைக் கோவணம் ஆகியன தடைக்குள்ளாயின. கத்தோலிக்கத் துறவியரும் அவ்வாண்டே இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்தனர்.

பெரும்பாலோர் கிறித்தவத்தையே தெரிந்துகொண்டனர். காரணத்தை ஆராய்ந்தோர் கூறுவது எளிமையானது: பன்றி. திருமணமும் சமாதானமும் நோய்நீக்கும் சடங்கும் பன்றியின்றி நடவா. ஆகவே பன்றியை விலக்காத மதம் வென்றது. நம் மாணவர் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. நகைக்கட்டும், ஆயின் அதே கூட்டத்தில் நம் தரப்பினரும் அமர்ந்திருந்தனர் என்பதைச் சொன்னவுடன் வகுப்பு அமைதியாகிவிடும். லெட் எட்டாண்டு காத்திருந்தும் ஒருவரையும் வற்புறுத்தவில்லை. நடுநிற்கப் போய் உயிர் துறந்தார். அவர் பெயரால் தோன்றிய சபையோ காவலரின் தீப்பந்தத்தைக் கண்டும் அறுவடைக் கணக்கையே பார்த்தது. அக்காலச் சபையாரைத் தீர்ப்பிட நமக்கு உரிமை குறைவு. பழஞ்சமயத்தைத் தீமையென்றே கருதக் கற்பிக்கப்பட்டவர்கள் அவர்கள். கற்பித்தவை நம்முடையவை போன்ற குருமடங்களே. எனினும் தவணை குறித்துக் கேட்கப்பட்ட விசுவாச அறிக்கையை எப்பெயரிட்டு அழைப்பது என்ற வினா, திருமுழுக்கு இறையியல் படிப்போரை விடாது.

சமயத்தை அடுத்து வீட்டிற்குக் கேடு வந்தது. உமாவை விட்டு, ஆற்றோரமும் கடலோரமும் வரிசை வரிசையாக அமைந்த ஒற்றைக் குடும்ப வீடுகளில் குடியேறுமாறு அரசு மக்களை ஏவிற்று. இவ்வூர்களை மக்கள் 'பராசி' என்பர். தூய்மை என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லின் திரிபு அது. தூய்மையின் பெயரால் பன்றிகள் ஊருக்கு அப்பால் தள்ளப்பட்டன. சாகும் சேம்பும் பின்தங்கிய வழக்கம் எனவும், நெல்லே முன்னேற்றம் எனவும் போதிக்கப்பட்டது. ஓய்வின்றிக் களையெடுக்கக் கேட்கும் நெல்லைப் பலர் கைவிட்டுச் சாகுவுக்கே திரும்பினர். பள்ளியும் மருந்தகமும் கோயிலும் பராசியில் இருந்தன என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என விரும்பிப் போன பெற்றோர் உண்டு. தகரக் கூரையின் கீழ் வெப்பத்தில் இருந்துகொண்டே, பன்றிகளுக்காகவும் தோட்டத்திற்காகவும் மறுபடி காட்டுக்குடிலுக்கு நடையாய் நடந்தவர்களும் அவர்களே.

1970களில் மரவெட்டும் நிறுவனங்களுக்குத் தீவின் பெரும்பகுதி குத்தகையாயிற்று. 1981இல் யுனெஸ்கோ சிபெருத்தை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 1993இல் குத்தகைகள் நீக்கப்பட்டு 1,90,500 ஹெக்டேரில் தேசியப் பூங்கா அமைந்தது. காடு காக்கப்பட வேண்டியது என உலகம் உணர்ந்தபோது, அதைக் காத்த சமயம் தடைசெய்யப்பட்டு நாற்பதாண்டுகள் ஆகியிருந்தன. 1999இல் மெந்தாவாய் தனி மாவட்டமாயிற்று. 2010 அக்டோபர் 25 அன்று பாகாய்த் தீவுகளை ஆழிப்பேரலை தாக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோரக் குடியேற்றம் எத்தகைய விலை கேட்கக்கூடும் என்பதை அத்தீவினர் அன்று கண்டனர்.

ரெரெய்கெத் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் உமாக்கள் இன்னும் நிற்கின்றன. திருமுழுக்குப் பெற்ற சிக்கெரைகள் இலையும் மலரும் சூடி நோயாளிக்காக இரவெல்லாம் பாடுகின்றனர். அவர்களுள் பலர் ஆலயத்திற்கும் செல்பவர்கள். 2017 நவம்பரில் இந்தோனேசிய அரசியலமைப்பு நீதிமன்றம், பழங்குடி நம்பிக்கையினர் தங்கள் அடையாள அட்டையில் அதனைக் குறித்துக்கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது. அறுபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் கேட்கப்படாமலே மறுக்கப்பட்ட உரிமை அது. இனி மாடோபாக்கிலும் உகாயிலும் ஒருவர் கிறித்தவர் என எழுதக் கொடுத்தால், தவணை ஏதுமின்றி எழுதிக் கொடுக்கிறார்.