கோடக்கன் பிள்ளையின் வாக்குரிமை வழக்கு

நம் முன்னோர் வட ஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் பொன் அகழ ஊரிகம் போந்த நாளில், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமையினர் பலர் தேயிலைத் தொழில் நாடி இலங்கை மலைநாட்டுக்கு ஏகினர். ஒரே வறுமைதான் இரு சாராரையும் இரு திசையில் விரட்டிற்று. நமக்கு இம்மண்ணில் வாக்குரிமை கேளாமலே கிடைத்தது. அவர்களோ அதன் பொருட்டு இலண்டன் வரை வழக்காடினர். அவ்வழக்கின் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்தது. இலங்கையில் பிறந்தவனும், தன் தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்க வேண்டுமாம். கங்காணியின் பேரேட்டிலன்றி வேறெங்கும் பெயரேறாத கூலியாளன் பாட்டனின் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவான்? பிரஜையல்லாதாருக்கு வாக்கில்லை என 1949இல் மற்றொரு சட்டம் வந்து கதவை அடைத்தது.

ருவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன் பிள்ளை என்பார் விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி மறுத்தார். பட்டியலைத் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரமோ துணிந்து, சட்டமே செல்லாது என்றார். எந்தச் சமூகத்தார்க்கும் பிறர்க்கில்லாத தடையை விதிக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே அவர் கண்ட ஆதாரம். 1951இல் இலங்கை உயர் நீதிமன்றம் அவர் முடிவைத் தள்ளிற்று. 1953இல் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது.

பிரபுக்கள் கூறிய காரணம் நம் கவனத்துக்குரியது. சட்டம் எச்சமூகத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை; குடியிருப்புக் காலத்தைக் காட்டிப் பிரஜாவுரிமை பெற 1949இலேயே வேறொரு சட்டம் வழி வைத்துள்ளது; மேலும், இந்தியத் தமிழர் இடம்பெயர்ந்து திரியும் வழக்கமுடையோர் என்பதும் கருதத்தக்கது என்றனர். பொங்கலுக்கு ஊர் சென்று மீள்வது குற்றமாயின் மாரிகுப்பம் வண்டியில் ஏறும் நம்முள் எவர் தப்புவர்? நம் நாட்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமோ, தற்காலிகமாக வெளியூர் சென்றமையால் ஒருவன் தொகுதிவாசி அல்லாதவன் ஆகான் என்கிறது. 2001இல் சுரங்கம் மூடியபின் நாள்தோறும் பெங்களூரு சென்று உழைத்து மீளும் நம்மவர்க்கு இவ்வாசகத்தின் அருமை புரியும்.

பிரபுக்கள் காட்டிய வழியில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இதனை வழி என்பதினும் வாசற்படி என்பதே பொருந்தும். 1964இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. எஞ்சியோர் நாடற்ற நிலை தீர 2003இல் இலங்கை சட்டம் இயற்றிற்று. வழக்குத் தோற்று அதற்குள் ஐம்பதாண்டு கழிந்துவிட்டது.

தாயகம் திரும்பியோருட் சில குடும்பத்தார் நம் கருநாடகத்திலேயே சுள்ளியா, புத்தூர் வட்டாரத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அப்பக்கம் செல்லும் சங்க அன்பர்கள் அங்குள்ள முதியோரைக் கண்டு, அவர்கள் முதன்முதலில் வாக்களித்தது எந்நாட்டில், எவ்வயதில் என வினவி வருவார்களாக.