கடற்பயணமும் கணக்கும்

நோர்வே நாட்டின் மேற்குக் கரையோரமாக எண்ணிறந்த தீவுகளும் பாறைகளும் நிரைநிரையாகக் கிடக்கின்றன. பெருங்கடலின் சீற்றத்தை அவை தடுத்து நிற்றலால், அவற்றுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீர்வழியிற் கப்பல்கள் பெரும்பாலும் அமைதியாகச் செல்லும். ஆயின் அவ்வரண் சிற்சில இடங்களில் அறுபட்டுவிடுகின்றது. கிறிஸ்தியான்சுண்ட் நகருக்குத் தென்மேற்கேயுள்ள ஹுஸ்டட்விக்கா அத்தகையதோர் இடமாகும். ஆழங்குறைந்த அக்கடற்பரப்பில் நீர்மறை பாறைகள் மலிந்துள்ளன. திறந்த கடலின் பேரலைகள் அங்கே ஓங்கியெழுந்து உடையும். இக்கரையின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கின், கடலோடிகள் மறக்கலாகாத உண்மையொன்று புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடநோர்வே மக்களுக்குக் கடலே பெருவழியாயிருந்தது. எனினும், மாரிக்கால இருளில் அவ்வழியே ஒழுங்காகக் கப்பல் செலுத்துதல் இயலாதென்றே பலர் கருதினர். கலங்கரை விளக்கங்கள் சிலவே, கடற்படங்களும் போதியனவல்ல. கப்பற்றலைவர் றிச்சட் வித் என்பார், வழிகாட்டி அன்டெர்ஸ் ஹோல்ட்டே என்பாருடன் கூடி, கப்பல் செல்லுந் திசையையும் வேகத்தையும் காலத்தையும் விடாது குறித்துவந்தார். திசைகாட்டியும் கடிகாரமும் அக்குறிப்புக்களுமே இருளில் அவர்க்குக் கண்களாயின. 1893ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி அவரது ‘வெஸ்டரோலன்’ என்னும் நீராவிக் கப்பல் துரொண்ட்ஹைம் துறையினின்றும் ஹம்மர்பெஸ்ற் நோக்கிப் புறப்பட்டது. அன்று தொடங்கிய வாராந்தச் சேவை மாரியிலும் நின்றிலது.

இனி மற்றையதைக் காண்பாம். 2019ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி, ‘வைக்கிங் ஸ்கை’ என்னும் உல்லாசக் கப்பல் துரொம்சோவிலிருந்து ஸ்ரவாங்கர் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தோர் 1,373 பேர். அவருள் 915 பேர் பயணிகள். புயலிடையே ஹுஸ்டட்விக்காவைக் கடக்கையில், பிற்பகல் இரண்டு மணியளவில், பொறிகள் யாவும் நின்றன. விருந்துண்ட மண்டபங்களில் நாற்காலிகளும் மேசைகளும் இங்குமங்கும் உருண்டன. கூரைப் பலகைகள் வீழ்ந்தன. பயணிகள் கூடியிருந்த ஓரிடத்திற் கடல்நீரும் புகுந்தது. நங்கூரங்கள் இட்டும் கப்பல் பாறைகளை நோக்கி ஒதுங்கிற்று. அத்தகைய அலைகளில் உயிர்காப்புப் படகுகளை இறக்குதல் பேரிடராதலின், ஹெலிகொப்டர்கள் பயணிகளைக் கயிற்றில் தூக்கி மீட்டன. இரவு முழுவதும் நடைபெற்ற அம்முயற்சியால் 479 பேர் கரை சேர்ந்தனர். பொறியாளர் இதற்கிடையே பொறிகளை மீண்டும் இயக்கினர். மறுநாட் கப்பல் மொல்டே துறையை அடைந்தது. உயிரிழந்தோர் எவருமிலர்.

இத்துணைப் பெருங்கலம் செயலற்றமைக்குக் காரணம் யாது? மசகெண்ணெய் போதாமையே. தொட்டிகளில் எண்ணெய் மட்டம் தாழ்ந்திருந்தது. கப்பல் ஆடியபோது எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றே உறிஞ்சுகுழாயிற் புகுந்தது. பொறிகள் தம்மைக் காத்தற்பொருட்டுத் தாமே நின்றன. நான்கு மின்னாக்கிகளுள் ஒன்று முன்னரே பழுதுற்றிருந்தது. அந்நிலையிற் கப்பல் துரொம்சோவை விட்டுப் புறப்பட்டிருத்தலாகாது என்பது நோர்வே விசாரணையாளர் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட முடிபு. தொட்டிகளின் அமைப்பும் விதிக்கு இயைந்ததன்று என அவர் கண்டனர்.

வித் காலத்துக் கப்பல் சிறிது, கருவிகள் எளியன. ஆயினும் அவர் அளந்தறிந்தே கடலிற் சென்றார். பிற்காலத்துக் கப்பலிலோ அளக்குங் கருவிகள் நிறைந்திருந்தன. எண்ணெயின் அளவே குறைந்திருந்தது. கலம் பெரிதாதலினாற் கடல் சிறிதாவதில்லை. மேற்றளத்தில் இன்புற்றிருப்போரின் உயிர், கீழ்த்தளத்திற் கணக்குப் பார்ப்போனின் கருத்தூன்றலிலேயே தங்கியுள்ளது.