வாய்க்காலும் விதானையாரும்: வட்டக்கச்சி வயலில் ஒரு முகாமைத்துவ வரலாறு

முகாமைத்துவம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது வங்கியும் கம்பனியும்தான். ஆனால் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே பொருளைப் பங்கிட்டு, சண்டையையும் ஓர் அளவோடு வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த நிறுவனம் வயல். அதற்கு அலுவலகமில்லை, பெயர்ப்பலகையில்லை. மனிதரின் பண்பாடு ஒரு நிறுவனத்தை எப்படி நடத்துகிறது, எங்கே கெடுக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. பின்னர் பல தடவை அணைக்கட்டை உயர்த்தினார்கள். குளத்தின் வலதுகரை வாய்க்கால் போகும் குடியேற்ற ஊர்களில் ஒன்று வட்டக்கச்சி. காடு வெட்டிக் களனியாக்க வந்தவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணக் குடாநாட்டார். அங்கே ஆறில்லை, கிணறுதான். அதுவும் பல வீட்டாருக்குப் பங்குக் கிணறு. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று இறைத்துப் பழகிய சனம். அந்த 'முறை' என்ற சொல்லையும் அவர்கள் வன்னிக்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது என் எண்ணம்.

காலபோகத்தில் மழை துணைக்கு வரும், பிரச்சினை குறைவு. சிறுபோகம்தான் சோதனை. குளத்தில் கிடக்கிற தண்ணிக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் கூடித் தீர்மானிக்க வேண்டும். அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் அடிக்கணக்கைச் சொல்வார், கமக்காரர் வாதாடுவார்கள். முழு வயலுக்கும் தண்ணி போதாதென்றால் விதைக்கும் நிலத்தைச் சுருக்கி, அதைப் பங்கிடுவார்கள். இதே வழக்கத்தைச் சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்பார்கள். காணி என்னுடையது, ஆனால் இந்தப் போகத்தில் அதில் இன்னொருவனும் விதைப்பான் என்று ஒருவனை ஒப்புக்கொள்ள வைப்பது சாதாரண காரியமா? எந்தச் சுற்றறிக்கையாலும் அது முடியாது. பழக்கத்தால் முடிகிறது.

இதை வெள்ளைக்காரன்கூட ஓரளவு விளங்கிக்கொண்டான். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. நெல் வயல்களின் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கம். புதிய விதி எழுதவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்ததற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தார்கள். அதன் வழியில் வளர்ந்த பதவிதான் விதானை. கிழக்கில் நம்மவர்கள் 'வட்டை விதானை' என்று சொல்வது இவரைத்தான். கூலி காசாக அல்ல, விளைந்த நெல்லில் ஒரு பங்காக வந்தது. கடைக்கோடி வயலுக்குத் தண்ணி போகாவிட்டால் விதானையாரின் சாக்கும் அந்த அளவுக்குக் காலி!

1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை ஒழித்து, தெரிவு செய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. நோக்கம் நல்லது. விதானைமாரில் பலர் காணியுள்ள பெரிய வீட்டுக்காரர். குத்தகைக்குச் செய்கிறவனின் பேச்சு அவர்களிடம் எடுபடவில்லை. ஆனால் குழுவுக்கு அதிகாரம் காகிதத்தில் இருந்தது, வரம்பில் இருக்கவில்லை. தண்ணி களவெடுத்தவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் முடிப்பதற்குள் போகமே முடிந்துவிடும். 1973இல் வந்த கமத்தொழில் காணிச் சட்டம் தெரிவையும் எடுத்துவிட்டு நியமனமாக்கியது. அரசியல் உள்ளே வந்தது. 1979இல் ஒரு சட்டம், 2000இல் இன்னொன்று; இப்போது கமக்காரர் அமைப்பு. பெயர் நாலு தடவை மாறிவிட்டது, ஆனால் கிழக்கு வயல்களில் இன்றும் வாயில் வருவது விதானைதான்.

நம் பள்ளிவாசல்களை நினைத்துப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர் சபை என்று ஒன்றைச் சொல்கிறது. கிழக்கிலோ அதற்கு முன்பே குடிக்கொரு மரைக்காயர் என்ற முறை இருந்தது. தாய்வழியாக வரும் குடி ஒவ்வொன்றும் தன் ஆளை அனுப்பும். சட்டம் வந்த பிறகும் எந்தக் குடிக்கு எத்தனை இடம் என்ற கணக்கு எளிதில் போகவில்லை. மார்க்கத்தில் குடிக்கு இடமேது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வீட்டுப் பிணக்கைத் தீர்க்க யாரை அனுப்பினால் கதவு திறக்கும் என்பதை அந்த முறை அறிந்திருந்தது.

1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் செய்த வேலை இதற்கு நல்ல உதாரணம். படித்த இளைஞர்களை வயலுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அமைப்பை உடனே பதிவு செய்யவில்லை. முதலில் கமக்காரரோடு பேசினார்கள், எல்லோருமாகச் சேர்ந்து வாய்க்கால் துப்புரவு செய்தார்கள். வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்களவர், கடைக்கோடியில் தமிழர். அந்தக் கெட்ட காலத்திலும் மேலிருந்தவர்கள் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள் என்று நோர்மன் அப்ஹொஃப் 1992இல் எழுதிய நூலில் பதிந்திருக்கிறார்.

பழக்கத்தை மதிக்காத கணக்கு எங்கே போய் முட்டும் என்பதை இரணைமடுவே காட்டியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் 2010 அளவில் வந்தது. அணையை உயர்த்தினால் இரண்டு தேவைக்கும் போதும் என்பது பொறியியற் கணக்கு. கமக்காரர் அமைப்புகள் ஒப்பவில்லை. யாழ்ப்பாணத்தானுக்குக் குடிக்கத் தண்ணி கொடுக்க மனமில்லையா என்று சிலர் ஏசினார்கள். அது நியாயமில்லை. தண்ணி குறைகிற வருடத்தில் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பதுதான் அவர்களின் கேள்வி. சிறுபோகக் கூட்டத்தில் அவர்கள் வருடாவருடம் கேட்டுப் பழகிய கேள்வி அது. திட்டக்காரரிடம் அதற்கு அவர்கள் நம்பக்கூடிய பதிலிருக்கவில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள்.

இதனால் வழக்கமெல்லாம் புனிதமாகிவிடாது. போருக்குப் பின் வன்னியில் எத்தனையோ வயல்களைப் பெண்களே பார்க்கிறார்கள். விதானை வேலைக்கு ஒரு பெண்ணின் பெயரை யாரும் முன்மொழிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்னொன்று நமக்கு நெருக்கமானது. கூட்டத்தில் இருப்பவன்தான் பங்கு கேட்கலாம், சிரமதானத்துக்கு வந்தவனுக்குத்தான் முறை என்பது வாய்க்கால் நியாயம். 1990 ஒக்டோபரில் கிளிநொச்சி உட்பட வடக்கு முழுவதிலுமிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் வந்த போகக் கூட்டங்களில் அவர்கள் இல்லை, இருக்கவும் முடியாது. திரும்பி வருகிறவனுக்குக் காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ காட்டி அரசிடம் வழக்காட வழியுண்டு. வாய்க்கால் முறையில் அவனுடைய இடம் எது என்பதை வயலில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வழக்கம் இன்னும் உருவாகவில்லை.